டேட்டாவைத் திரையில காட்டுற டாஷ்போர்டு இருக்கும்போது மேனேஜர் எதுக்கு?

பாம்பன்காரன்: தொண்டி ஐடி நேத்து எழுதுனதைப் பாத்தீங்களா? “டேட்டா எல்லாம் திரையில வந்துடுது, ஆளுங்க மனசறிஞ்சு நடத்துற மேனேஜர் இனி வெட்டிச் செலவு”ன்னு. கலாம் பொறந்த மாவட்டத்துல இருந்துகிட்டு இந்தப் பேச்சு! 1979 ஆகஸ்ட் 10, எஸ்எல்வி-3 ராக்கெட் வங்கக் கடல்ல விழுந்துச்சு. திட்ட இயக்குநர் கலாம். ஆனா பத்திரிகைக்காரங்க முன்னாடி உக்காந்து பழியைத் தலையில போட்டுக்கிட்டது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 ஜெயிச்சதும், “நீ போய்ப் பேசு”ன்னு கலாமை அனுப்புனார். எந்த டாஷ்போர்டு இதைச் செய்யும்?

தொண்டி ஐடி: பாதிக் கதையை முழுங்கிட்டீங்களேண்ணே. அன்னைக்கு ஏவுறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் நிறுத்திச்சு. மனுசங்கதான் அதை மீறி ஏவுனாங்க. கலாமே மேடையில சொன்னது. மெஷின் பேச்சைக் கேட்டிருந்தா தவான் பழி ஏத்துக்கிற வேலையே வந்திருக்காது.

பாம்பன்காரன்: நான் பேசுறது விழுந்த பிறகு நடந்ததை.

தொண்டி ஐடி: நிறுத்திச்சா இல்லையா?

மண்டபம் அக்கா: ராக்கெட்டை விடுங்கப்பா. நான் வேலை பாத்த இறால் கம்பெனியில கைரேகை மெஷின் வச்சாங்க. ஐஸ்ல கிடந்து உரிச்ச கை, விரல் நுனி வெள்ளையா ஊறிக் கிடக்கும். டீ குடிச்சிட்டு உள்ள போக விரலை வச்சா எடுக்காது. முந்தானையில துடைச்சுத் துடைச்சு வைக்கணும், பின்னாடி வரிசை நெட்டித் தள்ளும். தாமதம்னு சம்பளத்துல பிடிச்சாங்க. சூப்பர்வைசரம்மா தன் நோட்டுல ஒவ்வொரு பேரா நேரத்தோட எழுதி ஆபீஸ்ல போட்டுச் சண்டை பிடிச்ச பிறகுதான் காசு திரும்பி வந்துச்சு.

தொண்டி ஐடி: முகம் பாக்குற மெஷின் வாங்கியிருந்தா முடிஞ்சிருக்கும்.

மண்டபம் அக்கா: மூஞ்சியில மாஸ்க், தலையில தொப்பி. எதைத் தம்பி பாக்கும்? இறால் ஷெட்டுக்குள்ள எப்பவாவது கால் வச்சிருக்கியா?

கீழக்கரை மாப்ள: பாம்பன் பழைய தூக்குப்பாலத்தை ஆளுங்க கையால நெம்பித் திறந்தாங்க. 2025ல வந்த புதுசு மோட்டார்ல தூக்குது. அங்க எந்த மனசறிஞ்ச மேனேஜர் வேணும்?

பாம்பன்காரன்: பாலத்தைப் பத்தி நீ பேசாதே. போன மாசம் பழைய பாலம் 1964 புயலுக்குப் பிறகு கட்டுனதுன்னு அடிச்சுப் பேசிட்டு ஓடுனவன்தானே. 1914, 1914. எழுதி வச்சுக்க.

கீழக்கரை மாப்ள: எழுத்துப் பிழை.

பாம்பன்காரன்: மூணு தடவையா?

தொண்டி ஐடி: என் கேள்வி அப்படியே நிக்குது. கம்ப்யூட்டர் நிறுத்திச்சா இல்லையா?

பாம்பன்காரன்: நிறுத்திச்சுப்பா! அதுக்கென்ன? பக்கத்துல இருந்த நிபுணர்கள் தைரியம் சொன்னதால ஏவுனாங்க. ரெண்டாவது கட்டத்துல வால்வு கசிஞ்சு கட்டுப்பாடு போச்சு. உன் ஆபீஸா இருந்தா அன்னைக்கே கலாம் பேரை வெட்டியிருப்பீங்க. அடுத்த வருசம் ரோகிணி செயற்கைக்கோளை மேல ஏத்த யார் இருந்திருப்பா?

தொண்டி ஐடி: “நிறுத்திச்சு”ன்னு வாயால வந்துடுச்சு. எல்லாரும் பாத்துக்கங்க.

பாம்பன்காரன்: மீதியைப் படிக்கத் தெரியாதா உனக்கு? சரி, அக்கா கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. ஷெட்டுக்குள்ள போயிருக்கியா?

தொண்டி ஐடி: நான் மென்பொருள் ஆளு. இறால் எனக்கு எதுக்கு?

மண்டபம் அக்கா: அந்த மெஷினை விக்க வந்தவனும் இதேதான் சொன்னான்.

கீழக்கரை மாப்ள: அக்கா, அது எந்தக் கம்பெனி?

மண்டபம் அக்கா: உனக்கெதுக்கு? போய்ப் பாலத்தை எண்ணு.

பாம்பன்காரன்: தொண்டி, ஷெட்டு. பதில்.