டொல்பின் வானில் பின் பற்றரி சார்ஜ் ஏறுவதில்லை, விடியப்புறம் பிரிட்ஜ் நின்றுவிடுகிறது: யாராவது உதவுங்கள் (திருகோணமலை)

உப்புவெளி வான்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய டொயோட்டா ஹையேஸ் டொல்பின் வான், எல்எச் 113, 3எல் டீசல் எஞ்சின். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு கட்டில் அடித்து, சின்ன அடுப்பு, 40 லீற்றர் 12 வோல்ட் பிரிட்ஜ், கூரையில் 100 வாட் சோலார் பனல் எல்லாம் போட்டு, குடும்பமாக வெளியில் தங்கிவரும்படி மாற்றியிருக்கிறோம். கட்டிலுக்குக் கீழே 100 ஆம்பியர் மணி ஈய அமில டீப் சைக்கிள் (அடிக்கடி ஆழமாக இறக்கி ஏற்றக்கூடிய) பற்றரி. முன் பற்றரிக்கும் அதற்கும் நடுவில் ஒரு வோல்டேஜ் ரிலே, எஞ்சின் ஓடினால் இரண்டையும் சேர்க்கும், நிறுத்தினால் பிரிக்கும். வயரிங் ஒரு கராஜில் செய்தது, 6 சதுர மில்லிமீற்றர் வயர்.

பிரச்சினை இதுதான். ஹபரணை வரை ஓடிப் போய் நிறுத்தினாலும் பின் பற்றரி 12.3 வோல்டுக்கு மேல் போகவில்லை. இரவு பிரிட்ஜ் ஓடும், விடியப்புறம் மூன்று நாலு மணிக்கு சிவப்பு லைட் எரிந்து நின்றுவிடும். மீன் வாங்கி வைத்தால் காலையில் ஐஸ் உருகித் தண்ணீராகக் கிடக்கிறது. சின்னப் பிள்ளைக்குப் பாலும் அதற்குள்தான் வைக்கிறோம், அதனால் எனக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை. கராஜில் கேட்டால் பற்றரி செத்துவிட்டது, மாற்று என்கிறார்கள். பற்றரி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்னொருவர் எஞ்சின் ஓடும்போது கரண்ட் தருகிற ஓல்டனேட்டரை மாற்றச் சொல்கிறார். இரண்டும் பெரிய காசு. எதை முதலில் பார்ப்பது?

கடற்கரை வீதி:
தம்பி, ஈய பற்றரியைத் தூக்கிப் போட்டுவிட்டு லித்தியம் போடுங்கள். பாரமும் குறைவு, கடைசி வரை வோல்டேஜும் இறங்காது. நான் மாற்றிய பிறகு இந்தத் தலையிடியே இல்லை.

வயர்மன்:
லித்தியம் நல்லதுதான், ஆனால் இப்போது இவர் அதைப் போட்டால் பிரச்சினை கூடத்தான் செய்யும். லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரிக்கு உள்தடை மிகக் குறைவு, ரிலே சேர்ந்தவுடன் கிடைக்கிற ஆம்பியரை எல்லாம் இழுக்கும். டொல்பினில் இருக்கிற சின்ன ஓல்டனேட்டர் எஞ்சின் சூட்டில் மணிக்கணக்காக அப்படி முழுச் சுமையில் ஓடினால் சுருள் கருகிவிடும். இன்னொன்று, நிறைந்த லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் காட்டும். சாதாரண வோல்டேஜ் ரிலே 12.8 வரை இறங்கினால்தான் பிரியும், ஆகவே எஞ்சின் நின்ற பிறகும் பிரியாமல் அப்படியே இருந்து முன் பற்றரியையும் சேர்த்துக் குடிக்கும். லித்தியம் போடுவதென்றால் இழுக்கிற ஆம்பியரை அளவோடு நிறுத்த நடுவில் 20 அல்லது 30 ஆம்பியர் டிசி டிசி சார்ஜர் கட்டாயம் வேண்டும். அது பிறகு பார்க்கலாம்.

உப்புவெளி வான் தம்பி, உங்கள் கணக்கை முதலில் பார்ப்போம். அந்த அளவு பிரிட்ஜ் கம்பிரசர் ஓடும்போது 4 ஆம்பியர் போல எடுக்கும். நம்முடைய வெக்கையில் பாதி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள், சராசரி 2 ஆம்பியர். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை 24 ஆம்பியர் மணி. நிறைந்த 100 ஆம்பியர் மணி பற்றரியில் பாதியைப் பயமில்லாமல் எடுக்கலாம். அப்படியென்றால் ஒரு இரவு தாராளமாகத் தாங்க வேண்டும். தாங்கவில்லை என்றால், ஒன்று பற்றரி நிறையவே இல்லை, அல்லது பிரிட்ஜுக்குப் போகிற வயரில் வோல்டேஜ் விழுகிறது. 12.3 என்று நீங்களே சொல்கிறீர்கள். ஓய்வில் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. அதாவது ஒவ்வொரு இரவையும் பாதிப் பற்றரியோடுதான் தொடங்குகிறீர்கள். அது போகாமல் என்ன செய்யும்?

சாமான் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு மீற்றர் எடுத்து டிசி 20 வோல்டில் வையுங்கள். பின் பற்றரி இறங்கியிருக்கிற ஒரு காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ரேஸில் வைத்து, பிரிட்ஜையும் லைட்டையும் போட்டுவிட்டு நாலு அளவு எடுங்கள். முன் பற்றரியின் இரண்டு முனைக்கும் நடுவில் ஒன்று. பின் பற்றரியின் இரண்டு முனைக்கும் நடுவில் ஒன்று. பிறகு முன் பிளஸ்ஸில் ஒரு முள், பின் பிளஸ்ஸில் மற்ற முள். கடைசியாக முன் மைனஸிலிருந்து பின் மைனஸுக்கு. வயர் எட்டாது, ஒரு நீட்டு வயர் கட்டிக்கொள்ளுங்கள். கரண்ட் ஓடும்போதுதான் இந்த அளவு எடுக்க வேண்டும், எஞ்சினை நிறுத்திவிட்டு அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். முள் வயரின் லக்கில் (வயர் நுனியில் அழுத்திய உலோக வளையத்தில்) படக்கூடாது, பற்றரியின் ஈய முனையிலேயே படவேண்டும், லக்குக்கும் முனைக்கும் நடுவில்கூடப் பிழை இருக்கலாம்.

டொல்பின் 94:
ஓல்டனேட்டரைக் கழற்றுவதற்கு முன் ஒரு விஷயம். இந்த 3எல் எஞ்சினில் ஓல்டனேட்டரின் பின்பக்கத்திலேயே வெக்குவம் பம்ப் பூட்டியிருக்கிறது. பிரேக் மிதிப்பதை இலேசாக்கும் பூஸ்டர் அதில்தான் வேலை செய்கிறது. தெரியாதவர் கையில் கொடுத்தால் ஒயில் லைனைச் சரியாகப் பூட்டாமல் விட்டுவிடுவார், பிறகு பிரேக் கல்லுப்போல இறுகும். தேவை என்று உறுதியாகத் தெரிந்த பிறகே தொடுங்கள்.

உப்புவெளி வான்:
வயர்மன் அண்ணா, நீங்கள் சொன்னபடி இன்று காலையே அளந்தேன். முன் பற்றரி 14.2. பின் பற்றரி 12.8. பிளஸ்ஸிலிருந்து பிளஸ்ஸுக்கு 0.35. மைனஸிலிருந்து மைனஸுக்கு 1.05. இது என்ன அர்த்தம்?

வயர்மன்:
அர்த்தம் தெளிவு. ஓல்டனேட்டர் நல்ல சுகம், 14.2 கொடுக்கிறது, அதைத் தொட வேண்டாம். 14.2க்கும் 12.8க்கும் நடுவில் காணாமல் போவது 1.4 வோல்ட். அதில் 0.35 பிளஸ் பக்கம் போகிறது, ரிலே, பியூஸ், வயர் எல்லாம் சேர்ந்து அது கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் திருடன் அது இல்லை. 1.05 வோல்ட் எர்த் பக்கம் போகிறது. உங்கள் பின் பற்றரியின் மைனஸ் வயரை எங்கே பூட்டியிருக்கிறார்கள்? என் கணிப்பு, கட்டிலுக்குக் கீழே தரைத் தகட்டில் ஏதோ ஒரு ஆணியில். அதைக் கழற்றிப் படம் போடுங்கள்.

சாம்பல்தீவு அக்கா:
நாங்களும் கடலோரத்தில்தான் வான் வைத்திருக்கிறோம், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெக்கை, வாடை வந்தால் மழையும் உப்புக் காற்றும். அந்தப் பற்றரி இருக்கிற இடத்தையும் ஒருக்கால் பாருங்கோ தம்பி. ஈய அமில பற்றரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும். நீங்கள் பிள்ளையோடு அதற்கு மேலேதான் படுக்கிறீர்கள். பற்றரியை மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் மேல்பக்கத்திலிருந்து ஒரு குழாயை வானுக்கு வெளியே விடுங்கோ. காஸ் சிலிண்டர் இதற்கு நேர் எதிர், காஸ் காற்றைவிடப் பாரம், ஒழுகினால் கீழேதான் தங்கும், அதற்குத் தரையோடு ஒட்டிய துவாரம் வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைக்கவே கூடாது. இது பிரிட்ஜைவிட முக்கியம் என்பதால்தான் நடுவில் வந்து சொல்கிறேன்.

உப்புவெளி வான்:
நன்றி அக்கா, அதை உடனே செய்கிறேன். இப்போது துவாரம் எதுவும் இல்லை.

வயர்மன் அண்ணா, கணிப்புச் சரி. பழைய சீட் பூட்டிய துவாரத்துக்குப் பக்கத்தில், தரையில் ஒரு தகட்டு ஆணியால் லக்கைப் பூட்டியிருக்கிறார்கள். கீழே பெயின்ற் சுரண்டவே இல்லை. ஆணியைக் கழற்றினால் அதன் கழுத்து பாதியாகத் தேய்ந்து, லக்கின் அடியில் பச்சையாகப் பொடி, சுற்றிவரச் சிவப்புத் துரு. வயரின் ரப்பரை இரண்டு அங்குலம் வெட்டிப் பார்த்தேன், உள்ளே செப்புக் கம்பி கறுத்துக் கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் பிளைவுட்டை தூக்கினால் தரையும் பல இடத்தில் துரு. மனம் உடைந்துபோனது.

வயர்மன்:
மனம் உடைய வேண்டாம், நோய் தெரிந்துவிட்டது. கறுத்த வயரை மறுபடி பாவிக்காதீர்கள், உப்பு ஈரம் ரப்பருக்குள் ஏறிப் போயிருக்கும், வெட்ட வெட்டக் கறுப்பாகத்தான் வரும். கடலோர வண்டிக்கு ஈயம் பூசிய செப்பு வயர், படகுக்குப் போடுகிற வகை, கிடைத்தால் அதுதான் நல்லது. தகட்டை எர்த்தாக நம்பாமல் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் முன்னிருந்து பின் வரை தனித்தனி வயர் இழுங்கள். 5 மீற்றர் தூரம் என்றால் போக வர 10 மீற்றர். இப்போது இருக்கிற 6 சதுர மில்லிமீற்றர் வயரில் 20 ஆம்பியர் ஓடினால் அரை வோல்டுக்கு மேல் விழும். 16 போட்டால் கால் வோல்டுக்குள் நிற்கும். விலை வித்தியாசம் ஒரு புதுப் பற்றரியோடு பார்த்தால் ஒன்றும் இல்லை.

பியூஸ் இரண்டு பக்கமும் வேண்டும், முன் பற்றரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஒன்று, பின் பற்றரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஒன்று, 60 ஆம்பியர் போதும். ஒரு பக்கம் மட்டும் போட்டால், நடுவில் வயர் உரசித் தகட்டில் பட்டால் மற்றப் பற்றரி வானையே எரித்துவிடும். லக்கை குறட்டால் நசுக்காமல் சரியான கிரிம்ப் கருவியால் அழுத்தி, மேலே பசையுள்ள சுருங்கு குழாய் போட்டு, பூட்டிய பிறகு முனையில் வாசலின் பூசுங்கள்.

அப்புறம் பிரிட்ஜ். அதை லைட்டர் சொக்கெட்டில் குத்தியிருக்கிறீர்களா? அந்தச் சொக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு பற்றரியிலிருந்து நேரே 15 ஆம்பியர் பியூஸோடு 4 அல்லது 6 சதுர மில்லிமீற்றர் வயர் கொடுங்கள். கம்பிரசர் கிளம்பும்போது சொக்கெட்டில் வோல்டேஜ் சடாரென்று விழும், பிரிட்ஜ் பற்றரி முடிந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிடும்.

கந்தளாய்ப் பக்கம்:
தரைத் துருவுக்கு: தட்டிப் பாருங்கள், ஊசி இறங்கினால் டிங்கர் வேலைதான், வெட்டித் தகடு ஒட்ட வேண்டும். இறங்கவில்லை என்றால் கம்பிப் பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை சுரண்டி, சிங்க் பிரைமர் இரண்டு பூச்சு, மேலே பெயின்ற். பிளைவுட்டுக்கு அடியில் கண்ணாடிப் பஞ்சு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரப்பர் மாதிரி மூடிய துளை போம் வையுங்கள். வழுக்குக் கதவின் கீழ்த் தண்டவாளமும் கதவடியில் இருக்கிற தண்ணீர்த் துவாரங்களும் மணலால் அடைபட்டிருக்கும், ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். நிலாவெளி, இறக்கக்கண்டி மணலில் இறக்கி ஏற்றினால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவ வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள், அதன் பிறகு தை வரை பெயின்ற் காயாது.

இன்னொன்று, ஹபரணை என்று எழுதியிருந்தீர்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் வீதியோரத்தில் வானைப் போட்டுப் படுக்காதீர்கள். யானை நடமாடுகிற இடம். வாழைப்பழம், மாம்பழ வாசம் போதும், தேடி வரும். சுவர் உள்ள விடுதி முற்றத்திலோ விகாரை, கோவில் வளவிலோ கேட்டு நிறுத்துங்கள், யாரும் மறுப்பதில்லை.

டொல்பின் 94:
சீட் கழற்றியதைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் இருக்கைகளின் எண்ணிக்கை எழுதியிருக்கும். மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுச் சரிசெய்து, இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஏதும் நடந்தால் பிறகு ஓடித் திரிய வேண்டியதில்லை.

உப்புவெளி வான்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு பக்கமும் 16 வயர் இழுத்து, இரண்டு பியூஸ் போட்டு, பிரிட்ஜுக்குத் தனி வயர் கொடுத்துவிட்டேன். இப்போது எஞ்சின் ஓடும்போது முன்னால் 14.1, பின்னால் 13.8. மூதூர் போய்க் கொட்டியாரக் குடாப் பக்கம் ஒரு இரவு தங்கினோம், விடியும்போது பற்றரி 12.4, பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, மீன் கல்லாக இருந்தது. பற்றரிப் பெட்டிக்குக் குழாயும் விட்டாயிற்று அக்கா. ஒரு சந்தேகம் மட்டும். போய்வந்து நிறுத்திய பிறகும் ஓய்வில் 12.6தான் காட்டுகிறது, 12.7 வரவில்லை. பற்றரி பழுதாகத் தொடங்கிவிட்டதா?

வயர்மன்:
மிக நல்ல செய்தி தம்பி. ஈய பற்றரிக்கு முதல் 80 வீதம் சீக்கிரம் ஏறும், மிச்சம் 20 வீதம் ஏற மணிக்கணக்கு ஆகும், ஓட்டத்தில் மட்டும் அது நடக்காது. அந்த வேலையைச் சோலார்தான் செய்ய வேண்டும். வீட்டில் மாமரத்துக்குக் கீழே நிறுத்துகிறீர்களா? பனலில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் அது தருகிற கரண்ட் நிறையக் குறைந்துவிடும். ஒரு கிழமை வெயிலில் விட்டு, பிரிட்ஜை நிறுத்தி, தினமும் நிறையவிடுங்கள். இத்தனை மாதம் பாதியில் கிடந்ததால் தகட்டில் கொஞ்சம் சல்பேற்று படிந்திருக்கும், முழுச் சார்ஜில் வைத்தால் ஓரளவு கரையும். மூடி திறக்கிற வகை என்றால் உள்ளே தகடு மூழ்கும்படி காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் விடுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதன் பிறகு ஒரு இரவு எதையும் பூட்டாமல் வைத்து, காலையில் வெயில் படுமுன் அளந்து இங்கே போடுங்கள்.

உப்புவெளி வான்:
மாமரத்துக்குக் கீழேதான் அண்ணா. இன்றே வெளியே எடுத்து வைக்கிறேன். அடுத்த ஞாயிறு அளவு போடுகிறேன்.