ஒல்லியான பெட்டிக்குள் ஒர்க்ஸ்டேஷன் கார்டு: போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கட்டட வரைவாளர்:
என் மேஜையில் இருப்பது ஒல்லியான அலுவலகக் கம்ப்யூட்டர். உயரமான கிராபிக்ஸ் கார்டு உள்ளே போகாது, வரைபட, 3டி வேலைக்கென்றே வரும் ஒர்க்ஸ்டேஷன் கார்டுகளில் குட்டையானதைத்தான் தேட வேண்டும். பவர் சப்ளையில் கிராபிக்ஸுக்கென்று தனி ஒயரும் கிடையாது. அதனால் கார்டுக்கு வேண்டிய மின்சாரம் முழுக்க மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே வர வேண்டும். அதன் உச்சவரம்பு 75 வாட். இந்த வகை லோ புரொஃபைல் (அரை உயர) கார்டுகள் பெரும்பாலும் 30லிருந்து 70 வாட்டுக்குள் நிற்பது அதனால்தான்.

முதலில் இருந்தது என்விடியாவின் குவாட்ரோ பி620 கார்டு. 40 வாட், 2 ஜிபி மெமரி. ஆட்டோகேடில் 2டி வரைபடம் என்றால் இன்றைக்கும் அது போதும், மானிட்டர் மூன்றிருந்தாலும் அலட்டிக்கொள்ளாது. ரெவிட் என்ற 3டி கட்டட வடிவமைப்பு மென்பொருளில் பெரிய மாடலைத் திறந்து சுழற்றும்போதுதான் திணறல். பலரும் உடனே கோர் (கார்டில் கணக்குப் போடும் அலகு) எண்ணிக்கையைக் குறை சொல்வார்கள். மெமரி மானிட்டரைத் திறந்து வைத்துப் பாருங்கள்: 2 ஜிபியும் நிரம்புகிற அதே கணத்தில்தான் திக்க ஆரம்பிக்கும். நிரம்பிய பிறகு மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து இழுக்க வேண்டியிருக்கிறது, அது மெதுவான வழி.

இப்போது என்விடியாவின் டி1000, 8 ஜிபி வகை. 50 வாட், ஒற்றை ஸ்லாட். அதே ஃபைல் வழுக்கிக்கொண்டு சுழல்கிறது. ஆனால் சத்தம்! மாடலைச் சுழற்றினால் அந்தச் சின்ன ஃபேன் கீச்சென்று எகிறும், மவுஸை விட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்தால் சத்தம் பாதியாகிவிடுகிறது. ஆக, கோளாறு கார்டில் இல்லை, பெட்டிக்குள் காற்று போகிற வழியில் இருக்கிறது. முன்பக்கம் காலியாகக் கிடந்த ஹார்டு டிஸ்க் கூண்டைக் கழற்றி, கேபிள்களை ஓரமாகக் கட்டினேன். மூடியை மூடிய பிறகும் இப்போது பரவாயில்லை. பெட்டி சின்னதாக ஆக, வாட் கணக்கைவிட இந்தக் காற்றுக் கணக்குதான் முக்கியம் என்பது என் கட்சி. ஒப்புக்கொள்ளாதவர்கள் வாருங்கள்.

3டி ரெண்டரிங் செய்பவர்:
பாதி ஒப்புக்கொள்கிறேன். காற்றுக்கு முன்னால் பருமன். என்னிடம் இருப்பது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் ஏ2000. 70 வாட், 3328 கூடா கோர் (என்விடியா தன் கோர்களுக்கு வைத்த பெயர்), தனி ஒயர் வேண்டாம். இவ்வளவும் அரை உயரத்தில் கிடைப்பது பெரிய விஷயம்தான். ஆனால் அது இரண்டு ஸ்லாட் பருமன். பெரிய ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் நெட்வொர்க் கார்டு எதுவும் செருகியிருந்தால் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஸ்லாட்டை ஒட்டியே பவர் சப்ளை உட்கார்ந்திருக்கும் பெட்டிகளில் நுழையவே நுழையாது. படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, எல்லா ஸ்லாட்டும் 75 வாட் தருவதில்லை. சில சிறிய அலுவலகக் கம்ப்யூட்டர்களின் கையேட்டில் அதைவிடக் குறைவாகப் போட்டிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் 70 வாட் கார்டைச் செருக எனக்குத் துணிச்சல் வராது.

பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கு: பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். அரை உயரத் தகடு கிட்டத்தட்ட 8 செ.மீ., முழு உயரத் தகடு 12 செ.மீ. புதிதாக வாங்கினால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். எனக்கு விற்றவர் நீளத் தகட்டோடு மட்டும் அனுப்பிவிட்டார். சின்னத் தகடு தனியாக வந்து சேரும்வரை கார்டு பெட்டியிலேயே தூங்கியது.

வீடியோ எடிட்டர்:
வீடியோ வேலைக்கு வாங்குகிறவர்கள் என்கோடர், அதாவது வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் பகுதி, கார்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏஎம்டியின் ரேடியான் ப்ரோ டபிள்யூ6400 50 வாட்டில் அடக்கமான கார்டு, ஆனால் அதில் வீடியோ என்கோடரே இல்லை. போதாக்குறைக்கு, ஸ்லாட்டோடு தரவு பரிமாறும் பிசிஐஇ லேன் (பாதை) நான்குதான். நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் சரி, மூன்றாம் தலைமுறை மதர்போர்டில் அந்தத் தரவு வேகமும் பாதியாகும். ஆட்டோகேட் மாதிரி வரைபட வேலைக்கு எடுத்தால் இதெல்லாம் கவலையில்லை.

எனக்குச் சரிப்பட்டது இன்டெல் ஆர்க் ப்ரோ ஏ40. அதுவும் 50 வாட், ஒற்றை ஸ்லாட், ஏவி1 என்ற வீடியோ வடிவத்தில் என்கோடிங் உண்டு. ஒரே நிபந்தனை, பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ரீசைசபிள் பார் இருக்க வேண்டும், அதாவது கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக விடும் வசதி. அது இல்லாத பழைய போர்டில் இந்தக் கார்டு பாதி உயிரோடுதான் ஓடும்.

கட்டட வரைவாளர்:
சரி, பருமன் முதலில் என்பதை ஏற்கிறேன். அப்புறம், இங்கே யாரும் மானிட்டர் கேபிள் செருகும் போர்ட் பற்றிச் சொல்லவில்லையே. இந்தக் கார்டுகளில் பல மினி டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான். என் 4கே மானிட்டருக்கு ஹெச்டிஎம்ஐ அடாப்டர் போட்டால் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போக மறுக்கிறது. மவுஸ் அம்பு தவளை மாதிரி தாவுகிறது. டிரைவர் மாற்றியும் பலனில்லை.

வீடியோ எடிட்டர்:
அது சிக்னலை மாற்றும் சிப் இல்லாத பேசிவ் அடாப்டராக இருக்கும். 4கேயில் 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் அந்தச் சிப் உள்ள ஆக்டிவ் வகை கேட்டு வாங்குங்கள், 60 ஹெர்ட்ஸ் என்று அதன் மேலேயே போட்டிருக்கும். மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அடாப்டரே வேண்டாம், மினி டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து நேர் கேபிள் போதும்.

கட்டட வரைவாளர்:
மானிட்டரின் பின்னால் எட்டிப் பார்த்தேன், டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறது! கேபிள் சொல்லிவிட்டேன். ஏ2000 வைத்திருப்பவருக்கு ஒரு கேள்வி: மூடியை மூடி வைத்து ராத்திரி முழுக்க ரெண்டர் ஓட்டியிருக்கிறீர்களா?

3டி ரெண்டரிங் செய்பவர்:
ஓட்டியிருக்கிறேன். கார்டு தாங்குகிறது, அது இயங்கும் வேகம் மட்டும் கொஞ்சம் இறங்கும். அதற்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் எஸ்எஸ்டிதான் காய்கிறது, அதற்கு ஒரு ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) ஒட்டிவிட்டேன். உங்கள் போர்டில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.