தடித்த ஜியோமெட்ரிக் தலைப்பு: தமிழ் மட்டும் மொத்தையாகிறது, அச்சில் சின்ன எழுத்து அடைகிறது

வரைகோல்:
ஒரு கண்காட்சிக்கு இணையப் பக்கம், போஸ்டர் இரண்டும். தலைப்பு மான்ட்செராட் என்ற ஜியோமெட்ரிக் (வட்டம், நேர்கோடு போன்ற வடிவங்களால் அமைந்த) எழுத்துரு, வெயிட் (எழுத்தின் தடிமன்) 900. ஆங்கிலம் கச்சிதம். அதே வரியில் வரும் தமிழ் மட்டும் பிரவுசரில் மை ஊறியதுபோல் இருக்கிறது. ணை, ஞ சுழிகள் அடைந்தே போகின்றன. போஸ்டரில் கருப்புப் பின்னணியில் 7 பாயின்ட் வெள்ளை ஆங்கில எழுத்தும் அதே 900. புரூஃபில் (மாதிரி அச்சில்) எழுத்துகளின் உள்துளைகள் மூடிவிட்டன. எழுத்துருவையே மாற்ற வேண்டுமா?

கோணக்கோடு:
மான்ட்செராட்டில் தமிழே கிடையாது. பிரவுசர் அடுத்த எழுத்துருவுக்குத் தாவுகிறது. அதில் 400 மட்டும் ஏற்றியிருப்பீர்கள். 900 கேட்டதும் விளிம்பைத் தடிக்கவைத்துத் தானே ஒப்பேற்றும். போலி போல்ட். நிஜமான தடித்த எழுத்தில் சுழியைத் திறந்துவிட்டு, கோடுகள் சேரும் மூலையில் கனத்தைக் குறைத்திருப்பார்கள். பிரவுசர் அதையெல்லாம் பார்க்காது.

பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்-இல் ஃபான்ட்-சிந்தசிஸ் (font-synthesis) பண்புக்கு 'நன்' (none) கொடுத்துப் பாருங்கள், போலி போல்ட் நிற்கும். தமிழ் சட்டென்று மெலிந்தால் காரணம் இதுதான். அப்புறம் கட்டமரான் எழுத்துருவின் 900 கோப்பை ஏற்றுங்கள். 100 முதல் 900 வரை ஒன்பது வெயிட் உண்டு. அனெக் தமிழ் 800-இல் நின்றுவிடும், ஆனால் அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம்.

வேரியபிள் கோப்பு (எல்லா வெயிட்டும் ஒரே கோப்பில்) என்றால் சிஎஸ்எஸ்-இன் ஃபான்ட்-ஃபேஸ் (@font-face) பகுதியில் வெயிட்டை '100 900' என்று வரம்பாக எழுதுங்கள். '400' என்று மட்டும் எழுதினால் முழுக் கோப்பு கையில் இருந்தும் போலி போல்ட்தான் வரும்.

மைக்கட்டை:
அச்சுக்கு: எழுத்துரு இருக்கட்டும், வெயிட்டைக் குறையுங்கள். 900 என்பது நாலைந்து சொல்லைப் பெரிதாகக் காட்டத்தான். 7 பாயின்டில் மை பரவி வெள்ளையைத் தின்றுவிடும். 500 அல்லது 600-க்கு இறங்கி, டிராக்கிங் (எழுத்துகளுக்கு இடையிலான வெளி) +15 வையுங்கள். பின்னணியைப் பாருங்கள்: நான்கு மையும் கலந்த கருப்பாக இருந்தால் பதிவு (நான்கு மையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) இம்மி விலகினாலும் வெள்ளைக் கோட்டுக்குள் நிறம் ஏறும். சின்ன எழுத்து வரும் பட்டைக்குக் கருப்பு மை 100% மட்டும் போதும்.

ஃபியூச்சுரா எழுத்துருவுக்கு மாறலாமென்று யாராவது சொன்னால் யோசியுங்கள். 1927-இல் பால் ரென்னர் தந்த அழகுதான், ஆனால் அதன் ஆங்கிலச் சின்ன 'ஏ' (a) வெறும் வட்டமும் கோடும். சிறிய அளவில் 'ஓ'வோடு (o) குழம்பும்.

இடம் பற்றவில்லை என்று அகலத்தை மட்டும் நசுக்காதீர்கள். நிமிர்ந்த கோடு மெலியும், படுக்கைக் கோடு அப்படியே நிற்கும், வட்டம் முட்டையாகும்.

வரைகோல்:
'நன்' கொடுத்ததும் மெலிந்தது. 900 ஏற்றினேன், சுழி திறந்துவிட்டது. இப்போது இரண்டாம் வரியின் புள்ளி, மேல்வரி 'ழு'வின் காலில் இடிக்கிறது. லைன்-ஹைட் (வரி உயரம்) 0.95.

கோணக்கோடு:
0.95 ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மட்டும் தாங்கும். அதற்குக் கீழே இறங்கும் கால் கிடையாது. தமிழ் வரிக்குத் சிஎஸ்எஸ்-இல் தனி கிளாஸ் (தனி விதிகளுக்கான பெயர்) போட்டு 1.3-இல் தொடங்குங்கள். தலைப்பில் லெட்டர்-ஸ்பேசிங் (எழுத்திடைவெளி) மைனஸில் இருந்தால் அந்தக் கிளாஸில் 0 ஆக்குங்கள், இல்லாவிட்டால் ணகரமும் பக்கத்து எழுத்தும் ஒட்டிக்கொள்ளும்.