மதினியின் ரத்தப் பரிசோதனையும் பால் கணக்கு நோட்டும்

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் மதினிக்குக் கழுத்தில் சுண்டைக்காய் அளவில் தட்டுப்பட்ட கட்டி, பாப்பில்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் என்று உறுதியானதும், சுரப்பியை முழுவதுமாக அகற்றிப் பிறகு கதிரியக்க அயோடினும் கொடுத்தார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் அயோடின் உப்பும் கடல்மீனும் கூடாது என்றபோது, கருவாடு இல்லாமல் சோறு இறங்காத அவருக்கு அறுவை சிகிச்சையைவிட அதுவே பெரிய தண்டனையாகத் தெரிந்தது.

இந்நோய் மீண்டும் தலைதூக்குகிறதா என்று ரத்தத்தில் பார்ப்பதற்குத் தைரோகுளோபுலின் என்ற புரதத்தை அளக்கிறார்கள். தைராய்டு செல்களிலிருந்து மட்டுமே அது வருவதால், சுரப்பி இல்லாத உடம்பில் அது ஏறிக்கொண்டே போனால் அந்தச் செல்கள் எங்கோ மிச்சமிருக்கின்றன என்று பொருள். பாளையங்கோட்டையில் எடுத்த அறிக்கையில் மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமுக்கும் குறைவு என்று வந்தவுடன், அண்ணன் நெல்லையப்பர் கோயிலில் அர்ச்சனையே செய்துவிட்டார்.

மருத்துவரோ தாளைப் புரட்டிவிட்டு, "ஆன்டிபாடி பார்க்கலையாம்மா?" என்று மட்டும் கேட்டார். நோயாளிகளில் ஏறத்தாழ நான்கைந்து பேரில் ஒருவருக்கு இப்புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது உடம்பே உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள், இருக்குமாம். அது புரதத்தைப் பற்றிக்கொள்வதால், வழக்கமான பரிசோதனை உள்ளதைக் குறைத்துக் காட்டிவிடும். மதினிக்கு அது ஏராளமாக இருந்தது. அந்த 0.2-ஐ நம்ப முடியாது, இனி ஆன்டிபாடியின் போக்கையே கவனிக்க வேண்டும், இறங்கினால் நல்லது, ஏறினால் தேட வேண்டும் என்றார்.

அண்ணன் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆன்டிபாடி எண்களை எழுதிவந்தார். நடுவில் கட்டணம் குறைவென்று வேறொரு பரிசோதனைக்கூடத்தில் எடுத்து, எண் பாதியானதைக் கண்டு மகிழ்ந்தார். பரிசோதனை முறை மாறினால் எண்ணை ஒப்பிடவே கூடாது என்று மருத்துவர் அந்த வரியை அடித்துவிட்டார். பழைய கூடத்திலேயே எடுத்த அடுத்த இரண்டும் ஏறுமுகமாக இருந்தன. கழுத்தை ஸ்கேன் செய்தபோது இடப்புறம் ஒரு நிணநீர்க்கணு சந்தேகத்துக்குரியதாகத் தெரிந்தது. அதில் குத்தி எடுத்த ஊசியைக் கழுவிய நீரிலேயே தைரோகுளோபுலின் மிகுதியாக இருந்ததால், பரவல் உறுதியாகி, மறு அறுவை சிகிச்சை நடந்தது.

தைராய்டு புற்றுநோயிலேயே மெடுல்லரி என்ற வேறொரு வகைக்கு இக்கணக்கு பொருந்தாது. அதற்குக் கால்சிட்டோனின் என்ற ஹார்மோனையும் சிஇஏ என்ற புரதத்தையும் ரத்தத்தில் பார்ப்பார்கள். எந்த வகை என்பதைப் பயாப்ஸி தாளில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் இப்போது கடைசி மூன்று எண்களும் இறங்குமுகமாக இருக்கின்றன. அடித்த வரியை அண்ணன் இன்னும் கிழிக்கவில்லை.