எழுத்து விளையாட்டுப் போட்டியும் இணையப் பாதுகாப்புச் சட்டங்களும்: உங்களுக்கு என்ன நடந்தது?

தருமபுரி, நாலு ரோடு (தொடங்கியவர்)

நாங்கள் ஆறு பேர். நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து, மூன்று வருடமாகத் தமிழில் எழுத்து விளையாட்டுப் போட்டி நடத்துகிறோம். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: இதில் படம் கிடையாது, சுடுவது கிடையாது. கதை ஓடும். ஓரிடத்தில் நின்று உங்களைக் கேட்கும். நீங்கள் எந்த வரியைத் தொடுகிறீர்களோ அந்தப் பக்கம் திரும்பும். அதியமான் கையில் நெல்லிக்கனி. தானே தின்பானா, ஔவைக்குக் கொடுப்பானா? போன வருடம் வந்த ஒன்றில் மூன்றாவது வழியும் இருந்தது, ஆளுக்குப் பாதி. அதைத் தொட்டால் கனி புளிக்கிறது என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வார்கள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

வெளிநாட்டில் இது பழைய பழக்கம். ஐஎஃப்காம்ப் என்ற போட்டி 1995 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. ஒரு விளையாட்டை 2 மணி நேரம் வரை ஆடிப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். அதைத்தான் நாங்கள் 1 மணி நேரமாகச் சுருக்கிக்கொண்டோம். எழுதுபவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது ட்வைன் என்ற மென்பொருளைத்தான். நிரல் தெரியாதவரும் பழகிக்கொள்ளலாம், முடித்தால் ஒரே ஒரு கோப்பு, வாட்ஸ்அப்பில்கூட அனுப்பலாம்.

இனி விஷயம். நுழைவுக் கட்டணம் 50 ரூபாய், முதல் பரிசு 3,000 ரூபாய் என்று வைத்திருந்தோம். 2025 ஆகஸ்டில் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் ஆயிற்று. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்குத் தடை. நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். அன்று ராத்திரி பதினொன்றரைக்கு எங்கள் குழுவில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, நம்மளுதும் ஆன்லைன் கேம். நாமளும் காசு வாங்குறோம். அப்போ?" அதற்கப்புறம் யாருக்குத் தூக்கம் வரும்.

மறுநாள் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனோம். "ஆடுறவன் காசு கட்டுறானா?" என்றார். "இல்லைங்க சார், எழுதுறவங்கதான்." "அப்ப இது கட்டுரைப் போட்டி மாதிரிய்யா. காசு கட்டி ஆடி, ஜெயிச்சா காசோ வேற லாபமோ வரும்னு ஆடுற ஆட்டத்தைத்தான் சட்டம் சொல்லுது. போங்க." வாசல் வரை வந்துவிட்டு அவரே கூப்பிட்டார். "ஆனா எவனாவது புகார் குடுத்தா, இதையெல்லாம் நீங்க ஸ்டேஷன்ல உக்காந்து விளக்கணும். பார்த்துக்கங்க."

அந்த ஒரு பேச்சுக்காகக் கட்டணத்தை எடுத்துவிட்டோம். கட்டணம் போனதும் பரிசுப் பணமும் போயிற்று. இப்போது முதல் பரிசு ஒரு பெட்டி பங்கனப்பள்ளி மாம்பழம், கிருஷ்ணகிரி நண்பர் உபயம். மாம்பழமும் "வேற லாபம்" தானே என்று அந்தத் தம்பி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

ஓசூர்

அண்ணன் சொன்ன போட்டிக்குத் தளம் பார்த்துக்கொள்பவன் நான்தான். சர்வர் என்னுடையதல்ல. இங்கிலாந்தில் இருக்கும் என் அத்தை மகன் தன் வேலைக்காக வாடகைக்கு எடுத்ததில் ஒரு மூலையை எங்களுக்குச் சும்மா கொடுத்திருந்தான். 2025 மார்ச்சில் ஒருநாள் போன் செய்தான். குரலே சரியில்லை.

அங்கே 2023-ல் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கண்காணிப்பு ஆஃப்காம் அமைப்பிடம். பயனர்கள் ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்கும்படி இருக்கிற எந்தச் சேவையும், மார்ச் 16-க்குள் சட்டவிரோத உள்ளடக்க அபாய மதிப்பீட்டை எழுதி முடித்திருக்க வேண்டும். மீறினால் அபராதம் 1.8 கோடி பவுண்டு வரை, அல்லது உலக வருமானத்தில் 10 சதவீதம் வரை. எது பெரிதோ அது. எங்கள் உலக வருமானம் அந்த 50 ரூபாய்கள்தான்.

இரண்டு ராத்திரி போனில் உட்கார்ந்து மதிப்பீடு எழுதினோம். 17 தலைப்பு. பயங்கரவாதம், போதைப் பொருள், மோசடி, ஆள் கடத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் உங்கள் தளத்தில் வாய்ப்பு எவ்வளவு, ஏன் என்று எழுத வேண்டும். ஆயுதம் வந்தபோது "டேய், அதியமான் கதையில வாள் இருக்கேடா" என்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்புறம் பிரிட்டன் வாசகர்களை எண்ணினோம். அவன், அவன் மனைவி, ஒரு தமிழ் டாக்டர். பிரிட்டன் பயனர்கள் "கணிசமான எண்ணிக்கையில்" இருந்தால் பொருந்தும் என்கிறது சட்டம். அது எத்தனை என்று சட்டத்தில் எண் கிடையாது. மூன்று பேர் கணிசமா?

இதில் ஒரு விலக்கும் உண்டு. தளம் நடத்துபவர் வெளியிடும் விஷயத்தின் கீழே வாசகர்கள் கருத்து எழுதுவது மட்டும்தான் என்றால் அந்தச் சேவை விதிகளுக்குள் வராது. ஆனால் எங்கள் தளத்தில் எழுதுபவர்களே நேரடியாக ஏற்றினார்கள். இனி மின்னஞ்சலில் வாங்கி நாமே வெளியிட்டால் விலக்கு கிடைக்குமே என்றேன். "கிடைக்கலாம்டா. கிடைக்கலாம்ங்கறதை நம்பி என் வீட்டுக் கடனோட விளையாட முடியாது" என்றான். அவனை எப்படிக் குறை சொல்வது?

விமர்சனப் பகுதியை மூடினோம். அதுதான் எனக்கு ஆறவில்லை. காவேரிப்பட்டணத்து லாரி டிரைவர் ஒருவர் தொப்பூர் கணவாயில் வண்டிகள் தேங்கி நிற்கும்போதெல்லாம் ஒரு விளையாட்டை ஆடி முடித்து விமர்சனம் எழுதுவார். "மூணாவது திருப்பத்துல பிரேக் புடிக்கல" என்று ஒரு கதையைப் பற்றி எழுதினார். இன்றுவரை எங்கள் நடுவர்கள் அந்தப் பேச்சைத்தான் பயன்படுத்துகிறார்கள். எல்லாம் இப்போது என் கணினியில் ஒரு டெக்ஸ்ட் கோப்பாகக் கிடக்கிறது.

பாலக்கோடு (ஆசிரியை)

என் பக்கம் இந்தியச் சட்டம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். அவர்கள் விவரத்தை வாங்குமுன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அவகாசம் இருக்கிறதே என்று நான் உட்காரவில்லை, பசங்களோடு பழகுகிறவள் பயப்படத்தான் வேண்டும்.

பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் எழுதினார்கள். ஒப்புதல் கடிதம் தமிழில் அடித்துக் கொடுத்தேன். மூன்று பேர் மறுநாளே கொண்டுவந்தார்கள். ஒருத்திக்கு அப்பா அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலை, இவள் பாட்டியோடு இருக்கிறாள். பாட்டி கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டார், மை பக்கத்தில் களி மாவும் ஒட்டியிருந்தது. பாட்டியின் கைநாட்டு பெற்றோர் ஒப்புதல் ஆகுமா? சட்டப்படியான காப்பாளரும் தரலாம் என்று இருக்கிறது, பாட்டி அப்படி ஆகிறாரா என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. கடைசியில் அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, "எம்பொண்ணு என்ன எழுதியிருக்கா?" என்று நின்றபடியே முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நாலரை பஸ்ஸை விட்டுவிட்டார்.

கடிதங்களைக் காகிதமாகவே பீரோவில் வைத்திருக்கிறேன். டிஜிட்டலாக்காத காகிதத்தை அந்தச் சட்டம் தொடாது.

அரூர்

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் விளையாட்டு ஒரு மருத்துவச்சியைப் பற்றியது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பெண் பிள்ளை பிறந்த வீட்டில் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். கொல்லாமல் அரசிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்கிற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் முதலில் சேலத்தில் தொடங்கியது, பிற்பாடு தருமபுரிக்கும் வந்தது. என் கதையில் ஆடுபவர்தான் மருத்துவச்சி. இரவு இரண்டு மணி, மாமியார் கதவருகில் நிற்கிறாள், குழந்தை அழுகிறது. எந்த வரியைத் தொட்டாலும் நீங்கள் அந்த வீட்டை விட்டு வெளியே வந்தாக வேண்டும். குழந்தை கையில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். கொல்வதை நான் ஒரு வரியிலும் எழுதவில்லை.

அண்ணன்கள் தளம் தடுமாறிக்கொண்டிருந்ததால் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ஏற்றினேன். அங்கே ஒரு படிவம்: உங்கள் படைப்பில் குழந்தைக்குத் தீங்கு வருகிறதா? வருகிறது என்று டிக் அடித்தேன். இந்த எழுத்து விளையாட்டு உலகத்தில் அது ஒரு மரியாதை, ஆடப்போகிறவரை முன்பே எச்சரிப்பது. யாரும் கட்டாயப்படுத்தாமலே பல வருடமாகச் செய்துவருகிறார்கள். டிக் அடித்த மறுநிமிடம் என் விளையாட்டு தேடலில் இருந்து மறைந்துவிட்டது. லண்டனில் இருக்கும் சித்தி திறந்தால் வயதுச் சான்று கேட்கிறது. எழுதிக் கேட்டேன். எந்திரம் எழுதிய பதில் வந்தது.

அதே தளத்தில் பேய்க்கதை என்ற பெயரில் குழந்தையை வெட்டுவதை வரிவரியாக எழுதிய ஒன்று முன்பக்கத்தில் இருந்தது. அவர் டிக் அடிக்கவில்லை. எச்சரித்தவள் மாட்டினேன், எச்சரிக்காதவர் தப்பித்தார். டிக்கை எடுத்துவிட்டால் நானும் முன்பக்கம் வந்துவிடலாம் என்று தோழி சொன்னாள். எடுக்கவில்லை. ஆனால் எடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஓசூர்

அரூர் தங்கச்சிக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். பிரிட்டன் சட்டத்தின் ஆபாச வரையறையில் எழுத்து மட்டும் உள்ளது வராது. படமோ ஒலியோ வந்தால்தான். ஆக, வெறும் எழுத்தில் என்ன காமம் எழுதினாலும் அந்தப் பட்டியலில் தப்பிக்கலாம். தற்கொலைக்குத் தூண்டுவது, வழி சொல்வது என்றால் எழுத்தானாலும் பிடிக்கும், அது நியாயம்தான். உன் கதை இந்த இரண்டிலும் இல்லை. சட்டம் கேட்டதைவிட அதிகமாகத் தளக்காரன் பயந்திருக்கிறான், அவ்வளவுதான்.

காரிமங்கலம்

எல்லோரும் சட்டத்தைத் திட்டுவதால் நானும் ஒன்று சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு நான் எழுதிய விளையாட்டின் கடைசிப் பக்கத்தில், கருத்துச் சொல்லட்டும் என்று வாட்ஸ்அப் எண் போட்டிருந்தேன். என் தப்புதான். ஒரு ஆள் தினம் ராத்திரி மெசேஜ். விமர்சனப் பகுதியிலும் கண்டபடி எழுதினான். நடத்தியவர்களிடம் சொல்லலாம் என்றால் யாரிடம், எங்கே? ஒரு பெயரில்லை, மின்னஞ்சல் இல்லை. 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளில் குறைதீர்க்கும் அலுவலர் வேண்டும், புகார் வந்தால் 24 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், 15 நாளில் தீர்க்க வேண்டும் என்று அப்போது இருந்தது அப்புறம்தான் எனக்குத் தெரியும். அந்த விதி யாருக்குச் சுமையோ தெரியாது, அன்று எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். 12 நாள் அந்தக் கருத்து அப்படியே இருந்தது. லாரி டிரைவர் விமர்சனம் போன இடத்தில் அந்த ஆள் எழுதியதும் போனது. எனக்கு வருத்தமில்லை.

தருமபுரி, நாலு ரோடு

காரிமங்கலம் தங்கச்சி சொன்னது உண்மை. அது எங்கள் போட்டிதான். மறைக்க ஒன்றுமில்லை, அன்று நாங்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. இப்போது முதல் பக்கத்தில் ஒரு பெயரும் மின்னஞ்சலும் இருக்கிறது, தினம் ஒருவர் முறை வைத்துப் பார்க்கிறோம்.

அரூர் கதைக்கு வழி கண்டுபிடித்தோம். அச்சடித்துவிட்டோம். ஒவ்வொரு பத்தியும் ஒரு தாள், கீழே "பக்கம் 23-க்குப் போகவும், அல்லது பக்கம் 40-க்குப் போகவும்". மொத்தம் 62 பக்கம், பத்துப் படி. கீழே கடையில்தான் கொடுத்தோம். ஒரு மணி நேரம் கழித்து இறங்கிப் பார்த்தால் எந்திரம் நின்றிருக்கிறது, கல்யாணப் பத்திரிகைக்கு வந்த ஆள் காத்துக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "தம்பி, இந்த 31-ஐ எங்க வெச்சீங்க, காணோமே" என்றார்.