ஆச்சியை நீங்கள் முதலில் பார்த்தது எங்கே?

தோபாயோ கோப்பி:
நேற்றுக் காப்பிக்கடையில் பக்கத்து மேசையில் ஒரு பையன், தேசிய சேவைச் சீருடை, வழித்த தலை, கைப்பேசியைத் தே தாரே கிளாஸில் சாய்த்து வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் தில்லானா மோகனாம்பாளில் மனோரமா, ஜில் ஜில் ரமாமணியாக. 1968 படம். "இவங்க யாருன்னு தெரியுமா தம்பி?" என்றேன். "பேர் தெரியாது ஆன்ட்டி, ஆனா செம்ம" என்றான். அதனால்தான் கேட்கிறேன், ஆச்சி மனோரமாவை நீங்கள் முதலில் பார்த்தது எங்கே, எப்படி? தியேட்டர், வாடகை டேப், டிவி, எதுவானாலும் சரி.

முதலில் என் கதை. நான் அவரைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டேன். அப்பாவுக்குச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடிக்கு முன்னால் முகச்சவரம் செய்யும்போது 'வா வாத்தியாரே ஊட்டாண்ட' பாடுவார். பாதி முகத்தில் நுரை இருக்கும், கன்னத்தை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு பாடுவதால் அந்த 'ஊட்டாண்ட' இன்னும் கோணலாக வரும். பொம்மலாட்டம் படத்தில் மனோரமாவே பாடியது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் பக்கத்தில் என்பதற்குத் தமிழில் அதுதான் சொல் என்று நான் மனதாரவே நம்பினேன்.

1992, தொடக்கநிலை 6, வாய்மொழித் தேர்வு. படத்தைப் பார்த்துப் பேச வேண்டும். ஐஸ்கிரீம் வண்டி, ஒரு பையன், ஒரு நாய். "அந்தப் பையன் வண்டியாண்ட நிக்கிறான்" என்றேன். ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "எங்கம்மா கத்துக்கிட்டே இதை?" "எங்க அப்பாகிட்ட. அவர் மனோரமாகிட்ட கத்துக்கிட்டாராம்." கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார், தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார், அது வேறு விஷயம். வீட்டில் அம்மா என்னைத் திட்டவில்லை, அப்பாவைத்தான் திட்டினார்.

இப்போது யோசித்தால் எனக்கு அதில் வருத்தமே இல்லை. பள்ளியில் ஒரு தமிழ், வானொலிச் செய்தியில் ஒரு தமிழ், இரண்டுமே இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. ஊரில் மெட்ராஸில் ஒரு மாதிரி, கோயம்புத்தூர் பக்கம் வேறு மாதிரி, காரைக்குடியில் இன்னொரு மாதிரி பேசுவார்கள் என்பதே இந்த அம்மா வாயால்தான் எனக்குத் தெரியும். இவரோ பிறந்தது மன்னார்குடி, வளர்ந்தது காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூர். மெட்ராஸ் பாஷையும் கொங்குப் பேச்சும் அவரும் பிற்பாடு கற்றுக்கொண்டவைதான்.

லோராங்8:
அந்தப் பையன் பார்த்த படத்தை நான் தியேட்டரில் பார்த்தவன். எனக்கு எட்டு வயது இருக்கும், அம்மா மடியில் பாதி, நாற்காலியில் பாதி. நாதஸ்வரம், பரதம் என்று பெரியவர்கள் லயித்துக் கிடந்தார்கள், எனக்குத் தூக்கம். திடீரென்று ஒரு பெண் வந்து, எதிரில் இருப்பது எவ்வளவு பெரிய வித்வான் என்ற பயமே இல்லாமல், உங்க நாயனத்துல மட்டும்தான் இந்தச் சத்தம் வருமா, எல்லா நாயனத்துலயும் வருமா என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டதே, அப்போது முழித்தவன்தான், அப்புறம் தூங்கவில்லை. கேள்வியில் கிண்டலே கிடையாது, கவனித்தீர்களா? அவளுக்கு உண்மையாகவே தெரிந்தாக வேண்டும். சிரிக்க வைக்கிறோம் என்று முகத்தில் காட்டிக்கொண்டால் அந்த இடம் செத்துப்போகும்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா சிவாஜியைப் பற்றியும் பேசவில்லை, பத்மினியைப் பற்றியும் பேசவில்லை. "அந்த ரமாமணி பாவம்" என்றார். ஏன் பாவம் என்று அப்போது புரியவில்லை. சிவாஜி நடித்த சண்முகசுந்தரத்தின் மேல் அவ்வளவு பிரியம் வைத்துக்கொண்டு, அது தனக்கில்லை என்று தெரிந்தும் ஓடி ஓடி உபசரிக்கிறாள். அது எனக்குப் பிடிபட ஐம்பது வயது ஆக வேண்டியிருந்தது.

டேப்‌ராஜா:
சின்னக் கவுண்டர். வாடகை டேப். விஜயகாந்துக்கு அம்மாவா வந்து கொங்குத் தமிழ்ல பொளந்து கட்டுவாங்க. அந்த இடத்தையே ரீவைண்ட் பண்ணிப் பண்ணி டேப் அறுந்துபோச்சு. கடைக்காரர் இருபது வெள்ளி வாங்கிட்டார். இன்னும் கடுப்பா இருக்கு.

பள்ளத்தூர்ப் பேத்தி:
ஊர்ப் பேர் வந்ததும் நானும் எழுத வேண்டியதாயிற்று. எங்கள் ஐயா மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் ஆச்சி என்பது வீட்டில் புழங்குகிற சொல், பட்டம் இல்லை. அதனால் பேப்பரில் 'ஆச்சி மனோரமா' என்று போடும்போது சின்ன வயதில் எனக்கு அவர் எங்கள் பங்காளி வீட்டுக்காரர் என்றே நினைப்பு. இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. சொந்தப் பெயர் கோபிசாந்தா. தகப்பனார் கைவிட்டுவிட, தாயார் வீட்டு வேலை பார்த்து வளர்த்த பிள்ளை. எங்கள் பாட்டி, "எங்க ஊர்ல வளந்த புள்ளை" என்று பெருமையாகச் சொல்வார். யார் வீட்டில் என்ன வேலை செய்து வளர்ந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அந்த மௌனத்தை நான் அப்புறம் நிறைய யோசித்திருக்கிறேன்.

சினிமாவில் நகைச்சுவைக்குக் கொண்டுவந்தவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான், கண்ணதாசன். 1958, மாலையிட்ட மங்கை. நாடக மேடையில் கதாநாயகியாக நின்றவர் காமெடிக்குத் தயங்கியிருக்கிறார். நாயகி என்றால் நாலைந்து வருடம், இது என்றால் காலத்துக்கும் என்கிற மாதிரி கவிஞர் சொன்னதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கல்யாண வாழ்க்கையும் நிலைக்கவில்லை, பிள்ளையோடு தனியாக நின்றுகொண்டு நாகேஷோடு ஜோடி போட்டு ஊரைச் சிரிக்க வைத்த வருடங்கள் அவை.

இரவுப்பணி:
எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள். தொண்ணூறுகளில் அவருக்குக் கொடுத்த அம்மா வேஷங்களில் பாதி எனக்குத் தாங்காது. சின்னத் தம்பி மாதிரிப் படங்களில் அழ வைத்து அழ வைத்தே ஒரு பெரிய கலைஞரை வீணடித்தார்கள் என்பது என் கருத்து. 1985-க்குள் ஆயிரம் படம், கின்னஸ் என்கிறோம். ஆயிரத்தில் எத்தனையில் அவருக்கு உருப்படியாக எழுதினார்கள்?

ஆனால் நடிகன், 1990. அதை மட்டும் யாரும் தொடக்கூடாது. கிழவர் வேஷம் போட்ட சத்யராஜை நிஜக் கிழவர் என்று நம்பிக் காதலிக்கிற பேபி அம்மா. அப்போது மனோரமாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வெட்கப்பட்டுத் தலை குனிந்து ஓரக்கண்ணால் பார்ப்பாரே, அதில் கேலியும் இருக்கும், இத்தனை வருடம் யாரும் வரவில்லையே என்பதும் இருக்கும். என் வேலை தாதிமை இல்லத்தில், இரவு ஷிப்ட். அங்கே கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு பாட்டி, அந்தப் படம் வசந்தம் டிவியில் போட்டபோது கடைசிவரை பார்த்துவிட்டு, "அவளை ஏமாத்திட்டானுங்க பாரு" என்று நிஜமாகவே கோபப்பட்டார். மற்ற எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தேசிய விருது புதிய பாதைக்குக் கொடுத்தார்கள், சரிதான். நானாக இருந்தால் இதற்குக் கொடுத்திருப்பேன்.

தோபாயோ கோப்பி:
இரவுப்பணி, அடிக்க வரவில்லை, அந்தப் பாட்டியைப் பார்க்கத்தான் வர வேண்டும் போலிருக்கிறது.

அவர் இறந்த செய்தி எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். 2015 அக்டோபர் 10, சனிக்கிழமை இரவு சென்னையில். இங்கே அதற்குள் ஞாயிறு பிறந்துவிட்டது. காலையில் நானும் அம்மாவும் தேக்கா ஈரச்சந்தைக்குப் போயிருந்தோம். வெளியே சிராங்கூன் ரோட்டில் தீபாவளி அலங்காரம், உள்ளே மீன் தண்ணீர் சொட்டச் சொட்டக் கூட்டம். ஆட்டிறைச்சிக் கடைக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "ஆச்சி போயிட்டாங்கம்மா" என்றார். அம்மா வெலவெலத்துப் போய், "எந்த ஆச்சி? எங்க புளோக் ஒன்பதாம் மாடி ஆச்சியா?" என்றார். "ஐயோ இல்லம்மா, மனோரமா." அம்மா முதலில் அப்பாடா என்று மூச்சு விட்டார். அப்புறம் மூச்சு விட்டதற்கே வெட்கப்பட்டவர் மாதிரிப் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். ஒரு கிலோ வாங்க வந்தவர் அரைக் கிலோ போதும் என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று லிப்டில் என்னிடம் கேட்டார், ஏதோ உறவுக்காரர் சாவு மாதிரி. அப்பாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அன்றைக்கு முகச்சவரம் செய்யவில்லை.

லோராங்8:
உருக்கமாக எழுதிவிட்டாய் அம்மா. இருக்கட்டும், அந்த வாய்மொழித் தேர்வில் மொத்தம் எத்தனை வாங்கினாய்?

தோபாயோ கோப்பி:
அண்ணே, முப்பது வருஷமாக அம்மாவிடமே சொல்லாததை இங்கே கேட்கிறீர்களே.