நாகர்கோவில் பக்கம் டிரம்மர் யாராவது இருக்கிறீர்களா?

மக்களே, ஒரு உதவி. எங்கள் பேண்டில் முன்னால் நின்று பாடுவது என் தங்கை, டான்ஸ், பாப், போஸ்ட்-பங்க் எல்லாம் கலந்த சொந்தப் பாட்டுகள். 1978-இல் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் அக்கா தங்கைகள் தொடங்கிய இ.எஸ்.ஜி. பேண்டைக் கேட்டிருந்தால் சட்டென்று புரியும், பேஸ் கிட்டார்தான் பாட்டையே இழுத்துக்கொண்டு போகும், மற்ற கிட்டார் ஓரமாகச் சுரண்டிக்கொண்டிருக்கும். இருந்த டிரம்மர் வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போய்விட்டார். காலால் அடிக்கும் கிக் டிரம் நாலு அடியும் தவறாமல் விழ வேண்டும், நடுநடுவே ஹை-ஹேட் ஜோடித் தட்டைத் திறந்து மூட வேண்டும், அவ்வளவுதான், ரோல் அடித்து வித்தை காட்டவெல்லாம் வேண்டாம். சர்ச் கொயரில் வாசிப்பவர், சிங்காரி மேளக்காரர் யாரானாலும் சரி, பெண்ணாக இருந்தால் இன்னும் சந்தோஷம். அப்புறம், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ராத்திரி சத்தம் போட்டாலும் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வராத அறை ஒத்திகைக்கு வாடகைக்குக் கிடைக்குமா? இப்போது வாசிப்பது ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் ஷெட்டில், ஆம்ப்ளிஃபயர் வரை புகை நாற்றம்.